38 என்று வந்த ரிப்போர்ட்

சென்ட்ரிஃப்யூஜ் நின்றதும் டியூபை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். உறைந்த ரத்தத்துக்கு மேலே தெளிந்து நின்ற சீரம் நல்லெண்ணெய் நிறத்தில் இருந்தது. காமாலை என்று சொல்ல டாக்டர் தேவையில்லை. பையனுக்கு இருபது வயது இருக்கும். நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை, சிறுநீர் டீத்தண்ணி மாதிரி போகிறது என்று ரத்தம் எடுக்கும்போதே அவன் அம்மா சொல்லியிருந்தார். காமாலையைக் காட்டும் பிலிருபின் 11 வந்தது. அடுத்து ஈரல் பாதிப்பைக் காட்டும் நொதியான எஸ்.ஜி.பி.டி. போட்டேன். மெஷின் 38 என்று காட்டியது. 40 வரை நார்மல். ரிஜிஸ்டரில் 38 என்று எழுதிவிட்டு அடுத்த டியூபைக் கையில் எடுத்துவிட்டேன்.

எங்கள் லேபின் மூத்த டெக்னீஷியனை எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். கையெழுத்துப் போட வந்தவர் ரிஜிஸ்டரைப் பார்க்கவில்லை, ஸ்டாண்டில் இருந்த டியூபைப் பார்த்தார். பிறகுதான் எண்ணைப் பார்த்தார். “இந்த சீரத்துக்கு 38-ஆம்மா? ஒன்னுக்குப் பத்து டைல்யூட் பண்ணிப் போடு” என்றார். 100 மைக்ரோலிட்டர் சீரத்தில் 900 மைக்ரோலிட்டர் சலைன் சேர்த்து மறுபடி போட்டேன். 314 வந்தது. பத்தால் பெருக்கினால் 3,140.

1996 வாக்கில் நடந்தது இது. அதன்பின் பல்லாயிரம் சீரம் பார்த்துவிட்டேன். ஒரு எண்ணை எழுதுவதற்கு முன் டியூபை இன்னொரு முறை வெளிச்சத்தில் பிடிக்கும் பழக்கம் அன்றிலிருந்து விடவில்லை.

ஏன் 38 வந்தது என்பதை அன்று மாலை அண்ணன் ஒரு பந்தியை வைத்து விளக்கினார். நொதியை நாங்கள் எடை போட்டு அளப்பதில்லை. அது செய்கிற வேலையின் வேகத்தைத்தான் அளக்கிறோம். ரீஏஜென்ட்டில் என்.ஏ.டி.ஹெச். என்ற பொருள் இருக்கும். 340 நானோமீட்டர் ஒளியை அது விழுங்கும். எஸ்.ஜி.பி.டி. வேலை செய்யச் செய்ய அந்தப் பொருள் தீர்ந்துகொண்டே வரும், விழுங்கப்படும் ஒளியும் குறைந்துகொண்டே வரும். சீரத்தைக் கலந்து 37 டிகிரியில் ஒரு நிமிஷம் விட்டு, அடுத்த மூன்று நிமிஷமும் எவ்வளவு குறைகிறது என்று பார்த்து, சராசரியை 1746-ஆல் பெருக்கினால் லிட்டருக்கு இத்தனை யூனிட் என்று விடை வரும். 1746 என்ற அந்த எண் எங்கள் தலைமுறை டெக்னீஷியன்களுக்குப் பிள்ளைகளின் பிறந்த தேதி மாதிரி மனப்பாடம். “நீ பந்தியை எட்டிப் பார்க்கிறதுக்குள்ள கூட்டம் மொத்தமும் சாப்பிட்டு முடிச்சிருச்சு. இலையில ஒன்னும் மிச்சமில்லை. அதுக்கப்புறம் யாரும் சாப்பிடலை. மெஷினுக்கு என்ன தெரியும்? ஆளே வரலைன்னு எழுதிருச்சு” என்றார் அண்ணன். முதல் அளவீடே வழக்கத்தைவிட மிகக் கீழே இருந்தது திரையில் தெரிந்திருக்கிறது. நான்தான் கடைசி எண்ணை மட்டும் பார்த்தேன். இன்றைய பெரிய மெஷின்கள் இதைக் கண்டுபிடித்து எச்சரிக்கை காட்டிவிடும். அந்த எச்சரிக்கையையும் ஒரு ஆள் படிக்க வேண்டும்.

டி.எம்.எல்.டி. முடித்து நான் வேலைக்குச் சேர்ந்தது 1988-இல். அப்போது மெஷின் என்று சொல்லிக்கொள்ள ஒரு கலரிமீட்டரும் ஒரு வாட்டர் பாத்தும்தான். ரத்தம் பெனிசிலின் பாட்டிலில் வரும். எஸ்.ஜி.ஓ.டி. என்ற இன்னொரு நொதியும் எஸ்.ஜி.பி.டி.யும் பார்க்க, ரைட்மனும் ஃபிராங்கலும் 1957-இல் தந்த முறைதான். சீரத்தைக் கரைசலில் விட்டு வாட்டர் பாத்தில் வைக்க வேண்டும். ஓ.டி.க்கு ஒரு மணி நேரம், பி.டி.க்கு அரை மணி. பிறகு ஒரு நிறமியை ஊற்றி இருபது நிமிஷம் காத்திருந்து, காஸ்டிக் சோடா கரைசலை விட்டால் செம்பழுப்பாக நிறம் வரும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு நொதி. ஈரல் வெந்துபோன ஆளின் டியூப் வரிசையில் தனியாகக் கறுத்து நிற்கும்.

அமைலேஸ் நேர்மாறு. மாவுக் கரைசலில் சீரத்தை விட்டு, பிறகு அயோடின் சேர்த்தால் நீலம் வரும். கணையம் புண்ணாகி அமைலேஸ் ரத்தத்தில் ஏறியிருந்தால் மாவு முழுக்கக் கரைந்து, நீலமே வராமல் டியூப் வெளுத்து நிற்கும். சேர்ந்த புதிதில் எனக்கு அப்படி ஒரே நாளில் மூன்று டியூப் வெளுத்தன. மூவருக்கும் வயிற்றுவலி கிடையாது. அண்ணன் என் பைப்பெட்டைக் கேட்டு வாங்கி, வாய் வைக்கும் முனையைப் பார்த்தார். அந்தக் காலத்தில் வாயால்தான் உறிஞ்சுவோம். முனையில் பஞ்சு அடைத்துக்கொள்ள வேண்டும், நான் அடைக்கவில்லை. எச்சிலில் இருப்பதும் அமைலேஸ்தான். நோயாளியின் நொதி என்று நான் எழுதவிருந்தது என்னுடைய எச்சில். வாயால் உறிஞ்சும் வழக்கம் பின்னாளில் ஒழிந்தது நல்லதாயிற்று. மஞ்சள்காமாலைக் கிருமி உள்ள சீரத்தை வாய் வரைக்கும் இழுத்த தலைமுறை நாங்கள்.

நொதி என்ற சொல் எனக்குப் பிடிக்கும். மாவு நொதிப்பதிலிருந்து வந்த பெயர். ஜெர்மன்காரர் கூனே 1870-களில் என்சைம் என்று பெயர் வைத்தபோதும் ‘ஈஸ்ட்டுக்குள் இருப்பது’ என்ற பொருளில்தான் வைத்தார். இலங்கைப் பாடப்புத்தகங்களில் நொதியம் என்பார்கள். எங்கள் லேபில் யாரும் நொதி என்று சொன்னதில்லை, என்சைம்தான். ஆனால் நோயாளியின் வீட்டாரிடம் சொல்லும்போது நான் மாவிலிருந்துதான் தொடங்குவேன். “ராத்திரி அரைச்சு வச்ச மாவு காலையில பொங்குதே, அந்த மாதிரி வேலை செய்யற பொருள் உங்க ஈரலுக்குள்ள கோடிக்கணக்கில இருக்கு. ஈரல் நல்லா இருந்தா அது உள்ளேயே இருக்கும். சுவர் விட்டுப்போச்சுன்னா ரத்தத்தில வந்து கலக்கும்.” இதைக் கேட்டுப் புரியாதவர் யாரையும் நான் பார்க்கவில்லை.

எஸ்.ஜி.ஓ.டி. முதலில் பெயர் வாங்கியது ஈரலால் அல்ல, இதயத்தால். 1954-இல் அமெரிக்காவில் லாட்யூ, ரோப்லெவ்ஸ்கி, கார்மன் என்ற மூவர், மாரடைப்பு வந்தவர்களின் ரத்தத்தில் அந்த நொதி ஏறி, சில நாளில் இறங்கிவிடுவதைக் காட்டினார்கள். அதுவரை நெஞ்சுவலிக்கு ரத்தத்தில் தேட அப்படி ஒரு தடயம் இருக்கவில்லை. பிறகு எல்.டி.ஹெச்., தசை நொதியான சி.பி.கே., அதில் இதயத்தில் அதிகமுள்ள எம்.பி. வகையான சி.கே.எம்.பி. என்று வரிசையாக வந்தன. சி.கே.எம்.பி. நாலு முதல் ஆறு மணி நேரத்தில் ஏறத் தொடங்கி, ஒரு நாளில் உச்சம் தொட்டு, மூன்றாம் நாளுக்குள் இறங்கிவிடும். எல்.டி.ஹெச். மெதுவாக ஏறி ஒரு வாரத்துக்கு மேலும் நிற்கும். ஆகவே ஒரு எண்ணை வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது. வலி எத்தனை மணிக்கு வந்தது, ரத்தம் எத்தனை மணிக்கு எடுத்தது என்று தெரிந்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். வலி வந்த ஒரு மணி நேரத்தில் எடுத்த ரத்தத்தில் நார்மல் என்று வந்ததும், “வாய்வுதான்” என்று அப்பாவை வீட்டுக்குக் கூட்டிப்போகக் கிளம்பிய மகன்களை வாசலில் மறித்துப் பேசியிருக்கிறேன். இடுப்பில் ஊசி போட்டுக்கொண்டு வந்தாலும் சி.பி.கே. ஏறும் என்பதால், “ஊசி எதுவும் போட்டீங்களா?” என்றும் கேட்பேன். இப்போது ட்ரோபோனின் வந்து இந்த வரிசையையே பின்னுக்குத் தள்ளிவிட்டது. அது நொதி அல்ல, இதயத் தசையின் புரதம். நேரம் கேட்கும் பழக்கம் அதற்கும் வேண்டும்.

எந்த நொதியும் ஒரே வீட்டுப் பிள்ளை அல்ல. இதை எனக்கு ஆறு வயதுப் பையன் ஒருவன் கற்றுக்கொடுத்தான்.

எட்டு மாதமாக அவனுக்கு ஈரல் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எஸ்.ஜி.ஓ.டி. 210, எஸ்.ஜி.பி.டி. 260. கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கித் தினமும் கொடுத்ததாகப் பாட்டி சொன்னார். எண் இறங்கவே இல்லை. பிலிருபின் நார்மல், ஜி.ஜி.டி. நார்மல், சீரம் தண்ணீர் மாதிரி வெளுப்பு. ரத்தம் எடுத்து முடித்ததும், “எழுந்திரு கண்ணு” என்றேன். அவன் தரையில் உட்கார்ந்திருந்தான். முதலில் இரண்டு கையையும் தரையில் ஊன்றினான். பிறகு ஒரு கையை முழங்காலில் வைத்தான், அடுத்த கையைத் தொடையில் வைத்தான், தன் காலைத் தானே பிடித்து ஏறுவது மாதிரி எழுந்து நின்றான். கெண்டைக்கால் இரண்டும் ஓட்டப்பந்தயக்காரனுக்கு இருப்பதுபோலத் திரண்டிருந்தன. ஆனால் அவனால் ஓட முடியாது என்று பாட்டி சொன்னார்.

டாக்டரைக் கேட்டுவிட்டு அதே சீரத்தில் சி.பி.கே. போட்டேன். டைல்யூட் செய்து பெருக்கினால் 14,600. அந்த வயதில் 200-க்குள் இருக்க வேண்டியது. ஓ.டி.யும் பி.டி.யும் தசையிலும் உண்டு. பையனுக்கு இடிந்துகொண்டிருந்தது ஈரல் அல்ல, தசை. டூஷென் என்று பெயர் சொல்லும் தசைச்சிதைவு. பெரும்பாலும் அம்மாவின் வழியாக ஆண் பிள்ளைகளுக்கு வருவது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி மரபணுப் பரிசோதனையில் உறுதி செய்தார்கள். அவன் அம்மா ரிப்போர்ட் வாங்க வந்தபோது முதலில் கேட்டது, “அப்போ ஈரல் நல்லாருக்காங்க?” என்றுதான். “நல்லாருக்கும்மா” என்றேன். அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. மீதியை டாக்டர் சொல்லட்டும் என்று உள்ளே போய்விட்டேன். எட்டு மாதம் முன்னால் யாராவது ஒரு சி.பி.கே. எழுதியிருந்தால் நோய் போயிருக்காது. ஆனால் உடற்பயிற்சியும் ஸ்டீராய்டும் பற்றி அப்போதே பேசியிருக்கலாம். அந்தக் குடும்பம் அடுத்த குழந்தையைப் பற்றித் தெரிந்து முடிவெடுத்திருக்கும்.

ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதி வளரும் பிள்ளைகளுக்குப் பெரியவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு இருக்கும், எலும்பு வளர்வதால். கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலும் ஏறும், நஞ்சுக்கொடியிலிருந்து வருவதால். ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் அச்சாகி வருவதைப் பார்த்து அழுதுகொண்டு வந்த தாய்மார்கள் எத்தனையோ பேர்.

இன்னொரு ரிப்போர்ட்டைப் பற்றி நான் இதுவரை எழுதியதில்லை. மூன்று வயதுக் குழந்தை. வீட்டில் எலிக்கு வைத்திருந்த பேஸ்ட் தடவிய தின்பண்டத்தை எடுத்துத் தின்றுவிட்டது. அதில் இருப்பது மஞ்சள் பாஸ்பரஸ். முதல் இரண்டு நாள் குழந்தை விளையாடிக்கொண்டிருக்கும், ஒன்றுமில்லை என்று தோன்றும். அதற்குப் பிறகுதான் ஈரலைப் பிடிக்கும். நாலாம் நாள் எஸ்.ஜி.பி.டி. 4,100. ஐந்தாம் நாள் 3,000. ஆறாம் நாள் 1,900. குழந்தையின் அப்பா விவசாயக் கூலி. காலையும் மாலையும் லேப் ஜன்னலில் வந்து நிற்பார். “எறங்கிருச்சாங்கம்மா?” என்பார். ஆறாம் நாளும் கேட்டார். “எறங்கிருச்சு” என்றேன். அவர் அங்கேயே நின்று ஊருக்குப் போன் செய்து, “புள்ளைக்கு எறங்கிருச்சாம்” என்று சத்தமாகச் சொன்னார்.

அந்த எண் இறங்கியது ஈரல் தேறியதால் அல்ல. உடைவதற்கு இனி செல்கள் இல்லாததால் இறங்கியது. ரத்தத்துக்குள் வந்துவிட்ட எஸ்.ஜி.பி.டி. இரண்டு நாளில் பாதியாகக் கரைந்துவிடும். புதிதாக வருவதற்கு ஒன்றும் இல்லையென்றால் எண் இறங்கத்தான் செய்யும். அதே நேரம் பிலிருபின் ஏறிக்கொண்டிருந்தது. புரோத்ரோம்பின் டைம் 13 விநாடியில் இருக்க வேண்டியது 60-ஐத் தாண்டிவிட்டது. ரத்தம் உறையத் தேவையானவற்றைத் தயாரிப்பது ஈரல்தான். அந்தத் தயாரிப்பு நின்றுவிட்டதைச் சொன்ன எண் என் மேஜையில், எஸ்.ஜி.பி.டி.க்குப் பக்கத்துக் கட்டத்திலேயே இருந்தது. அவர் கேட்ட கேள்விக்குச் சரியான பதில்தான் சொன்னேன். அந்தப் பதிலைத் தனியாகக் கொடுத்திருக்கக் கூடாது. ஏழாம் நாள் விடியற்காலையில் குழந்தை இறந்துபோனது. பின்னாளில் தமிழ்நாட்டில் அந்தப் பேஸ்டுக்குத் தடை வந்தது. செய்தியைப் படித்த அன்று அந்த ஜன்னல்தான் ஞாபகம் வந்தது.

ரத்தத்துக்கே சொந்தமான நொதிகளும் உண்டு. வெளியிலிருந்து வழிதவறி வந்தவை அல்ல, அங்கேயே வேலை பார்ப்பவை. ரத்தத்தை உறையவைக்கும் த்ரோம்பின் அப்படித்தான். சாதாரண நேரத்தில் புரோத்ரோம்பின் என்ற பெயரில் தூங்கிக்கொண்டிருக்கும், காயம் பட்டால் எழும். கண்ணாடி விரியன் கடித்தால் நடப்பது, இந்தத் தூக்கத்தைக் கலைப்பதுதான். அதன் விஷத்தில் உள்ள நொதிகள் உறைதலைத் தூண்டும் காரணிகளை ரத்தக்குழாய்க்குள்ளேயே கிளப்பிவிட்டு, இருப்பதையெல்லாம் செலவழித்துவிடும். அதற்குப் பிறகு ரத்தம் உறையவே உறையாது. ஈறிலிருந்து, ஊசி குத்திய இடத்திலிருந்து கசிந்துகொண்டே இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க மெஷினே வேண்டாம். 2 மில்லி ரத்தத்தைப் புதிய, காய்ந்த கண்ணாடி டியூபில் விட்டு, அசைக்காமல் 20 நிமிஷம் வைத்து, ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். கட்டியாக நின்றால் நல்லது. தண்ணீராக ஓடினால் விஷமுறிவு மருந்து போட வேண்டும். ராத்திரி டூட்டியில் அந்த 20 நிமிஷம் போல நீளமான நேரம் நான் பார்த்ததில்லை. கடிபட்டவரின் சொந்தக்காரர்கள் பத்துப் பேர் ஒரு டியூபைச் சுற்றி மூச்சுவிடாமல் நிற்பார்கள்.

இங்கே டியூப்தான் உயிர். கண்ணாடியின் மேற்பரப்பு பட்டுத்தான் உறைதல் தொடங்குகிறது. பிளாஸ்டிக்கில் விட்டால் நல்ல ரத்தமும் உறையாமல் கிடக்கும். சோப்புப் போட்டுக் கழுவிய கண்ணாடியும் அப்படியே. ஒருமுறை கழுவி அடுக்கியிருந்த டியூபில் யாரோ ரத்தத்தை விட்டுவிட்டார்கள். உறையவில்லை. மருந்தை ஏற்றத் தயாராகிவிட்டார்கள். கடிவாயில் வீக்கமே இல்லையே என்று டூட்டி டாக்டருக்குச் சந்தேகம். புது டியூப் பாக்கெட்டை உடைத்து ஒன்றை எடுத்துப் போட்டேன், கல் மாதிரி உறைந்தது. அந்த மருந்தும் சும்மா போட்டுக்கொள்ளக் கூடியதல்ல, ஒவ்வாமையில் ஆளைக் கவிழ்த்துவிடும். அதற்கு வேண்டிய விஷத்தை 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் பாம்பைக் கொல்லாமல் எடுத்துத் தருகிறது. ஒவ்வொரு குப்பிக்குப் பின்னாலும் அவர்கள் கை இருக்கிறது என்பதை டூட்டியில் இருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

டியூப் விஷயத்தில் இன்னொன்று. ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் 6, கால்சியம் 2.1, பொட்டாசியம் 14 என்று ஒரு ரிப்போர்ட் வந்தால் நோயாளியைப் பார்க்க ஓட வேண்டாம், அவர் காப்பி குடித்துக்கொண்டிருப்பார். சிவப்பு மூடி டியூபில் ரத்தம் போதவில்லையென்று ஊதா மூடி டியூபிலிருந்து ஊற்றி நிரப்பியிருக்கிறார்கள். ஊதா மூடியில் இருக்கும் ஈ.டி.டி.ஏ. உப்பில் பொட்டாசியம் உண்டு. கால்சியத்தையும், அந்த நொதிக்குக் கைகால் போன்ற துத்தநாகத்தையும் மெக்னீசியத்தையும் அது பிடுங்கிக்கொள்ளும்.

எங்கள் மாவட்டத்தில் பருத்தி அதிகம். பூச்சிக்கொல்லிக்கும் எங்கள் பக்கம் மருந்து என்றுதான் பெயர். மருந்தடிக்கப் போன ஒருவரை ஒரு புரட்டாசி மாதம் கட்டிலோடு தூக்கிவந்தார்கள். மூன்று நாள் தொடர்ந்து அடித்திருக்கிறார். டேங்க் ஒழுகி முதுகுச் சட்டை நனைந்தபடியே இருந்திருக்கிறது. வாயில் எச்சில் வழிகிறது, உடம்பெல்லாம் வேர்வை, கண்பாவை குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கிவிட்டது. கோலினெஸ்டிரேஸ் என்ற நொதியைப் போட்டுப் பார்த்தேன். அந்த முறையில் நொதி வேலை செய்தால் மஞ்சள் நிறம் வரும். வரவில்லை. 410. குறைந்தது 5,000 இருக்க வேண்டியது.

நான் பார்த்த மற்ற நொதிகளெல்லாம் ஏறினால் பயம். இது மட்டும் இறங்கினால் பயம். நரம்பு தசைக்கு ‘இழு’ என்று சொன்ன செய்தியை அழித்து, ‘போதும்’ என்று நிறுத்துவது ஒரு நொதி. ரத்தத்தில் நாங்கள் அளப்பது அதன் பங்காளி, ஈரலில் உருவாவது. இந்த வகைப் பூச்சிமருந்து இரண்டையுமே பூட்டிவிடும். நிறுத்தச் சொல்ல ஆளில்லாமல் சுரப்பிகளும் தசைகளும் ஓடிக்கொண்டே இருக்கும், கடைசியில் மூச்சுவிடும் தசை களைத்துவிடும். அட்ரோபின் ஏற்றி, வென்டிலேட்டரில் வைத்து அவரைக் காப்பாற்றினார்கள். ஐந்தாம் நாள் 700. மூன்றாம் வாரம் 2,900. ஆறாம் வாரம் 6,300. ஈரல் புதிதாகச் செய்து செய்துதான் அந்த எண் ஏற வேண்டும், அதற்குக் குறுக்குவழி இல்லை. அதுவரை வயலுக்குள் கால் வைக்கக் கூடாது என்று அவர் மனைவியிடம் ஒவ்வொரு முறையும் சொன்னேன்.

இன்னொன்றையும் சொல்லிவைத்தேன். இந்த எண் ஆளுக்கு ஆள் ரொம்ப மாறும். 11,000 உள்ள ஒருவருக்கு 5,500-க்கு இறங்கினால் பாதி போய்விட்டது என்று அர்த்தம், ரிப்போர்ட்டிலோ நார்மல் என்றுதான் வரும். ஆகவே மருந்தடிக்கத் தொடங்குவதற்கு முன்னால், உடம்பு நன்றாக இருக்கும்போது, ஒருமுறை பார்த்துக் குறித்துக்கொள்வதுதான் சரி.

அடுத்த வருஷம் ஆவணியில் அவரும் மனைவியும் வந்தார்கள். கூட மருந்தடிக்கும் ஆட்கள் மூன்று பேர். “அடிக்கப் போறதுக்கு முந்தி பாக்கச் சொன்னீங்கல்லம்மா” என்றார் அந்த அம்மா. நாலு பேருக்கும் ரத்தம் எடுத்தேன். நாலு டியூபிலும் மஞ்சள் ஏறியது. அவருக்கு 7,150. பழைய ரிப்போர்ட் அட்டைகளை வெட்டி, ஆளுக்கொன்றில் பெயர், தேதி, எண் எழுதி, “தலை சுத்துதுன்னு வந்தா இதையும் எடுத்துட்டு வாங்க” என்று கொடுத்தேன். அவர் அட்டையைச் சட்டைப்பையில் வைக்கப் போனார். பிறகு என்ன நினைத்தாரோ, “இது நனைஞ்சிரும்” என்று எடுத்து மனைவியிடம் கொடுத்தார்.